எழுந்து நிற்க இரண்டு பேர்

நவீன நடன வகுப்பில் அந்தப் பெண் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்பாள். யார் எதை ஆடினாலும் அச்சு அசலாக ஆடிக் காட்டுவாள். சொந்தமாக ஒன்று செய் என்றால் மட்டும் கை கால் ஓடாது.

ஆண்டு இறுதிக்கு ஒவ்வொருவரும் மூன்று நிமிட நடனம் ஒன்றை உருவாக்க வேண்டும். அவள் ஏதோ வீடியோவில் பார்த்ததை ஆடினாள். ஆசிரியை பாதியிலேயே நிறுத்தினார்.

"இது உன்னோடது இல்லையே. காலையில எழுந்ததும் முதல்ல என்ன பண்ணுவ?"

"அம்மாவத் தூக்கி நாற்காலியில உக்கார வைப்பேன் மேடம். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு."

"அதையே செஞ்சு காட்டு."

அவள் தயங்கித் தயங்கி முன்னால் வந்து குனிந்தாள். இல்லாத ஒரு முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்தபடி மெல்ல நிமிர்ந்தாள்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மாணவன் "சூப்பர்" என்றான். ஆசிரியை கையமர்த்தினார்.

"நல்லாருக்கு, நல்லால்லங்கிறதெல்லாம் அப்புறம். என்ன பாத்தே, அதச் சொல்லு."

நெட்டை யோசித்தான். "ஒரு தடவகூட எங்க பக்கம் திரும்பல மேடம். எடை இருந்த பக்கமே பாத்துட்டிருந்தா."

மூன்று வாரம் அதைச் செதுக்கினார்கள். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கையில்தான், "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று ஆசிரியை கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். ஆசிரியைக்கு அப்போதுதான் உறைத்தது. யாருடைய நோயையோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேடைக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறோமே.

"இன்னைக்கே கேளு. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்."

மறுநாள் அம்மாவே சக்கர நாற்காலியில் வகுப்புக்கு வந்துவிட்டார். மகள் ஆடி முடிக்கும்வரை பார்த்தார். பிறகு, குழறும் நாக்கை இழுத்துப் பிடித்துப் பேசினார்.

"நல்லாத்தான் தூக்குற. ஆனா நான் என்ன மூட்டையா?"

அம்மா தன் வலது தொடையைத் தட்டிக் காட்டினார்.

"வலது கால ஊனி நானும்தான் எந்திரிக்கிறேன். அது எங்க?"

என்ன பார்த்தாய் என்று எல்லோரையும் கேட்டுவந்த ஆசிரியைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எனக்கும் அது தோணவே இல்லைங்க. மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? என் இடத்துக்கு இன்னொரு ஆளப் போடுங்க."

நெட்டை நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா சொல்லிக்கொடுத்தார்: "இடது பக்கம் உனக்கு இல்லன்னு வச்சுக்க. வலது கால் கட்டைவிரல்ல ஆரம்பி. அவ கைய நம்பு, ஆனா முழுசா சாயாத." இரண்டு முறை இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். "என்னவிட ரெண்டு பங்கு இருப்பான் போலிருக்கே" என்றார் அம்மா. மூன்றாவது முறை எழுந்து நின்றார்கள்.

நடனம் மூன்று நிமிடத்தில் அடங்கவில்லை, ஐந்தாயிற்று. ஆசிரியை ஒன்றையும் வெட்டவில்லை. அரங்கேற்றத்தன்று மேடையில் நெட்டையின் வலது கால் நடுங்கி நடுங்கித் தரையை அழுத்தியபோது, முன்வரிசையில் அம்மாவின் வலது கால் சக்கர நாற்காலியின் மிதிபலகையை அதே போல அழுத்திக்கொண்டிருந்தது. ஆசிரியை மேடையைப் பார்க்காமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் நெட்டை வேர்வை வழிய ஓடிவந்தான். "சரியா இருந்துச்சா ஆன்ட்டி?"

"கொஞ்சம் அவசரப்பட்டுட்ட" என்றார் அம்மா. மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.