கைவிரிப்பு

என் உயரம் நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு வியாழக்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன்னால், தொழிற்சாலை வாசலில் வந்து நின்ற பரிசோதனை வண்டிக்குள் அது நடந்தது. சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார்கள். என் முதுகு சுவரைத் தொடுவது ஒரே ஓர் இடத்தில்தான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் சுவரோடு கோபித்துக்கொண்டதுபோல முன்னால் போய்விடும். தலைமேல் ஒரு பலகையை வைத்து அழுத்தினார்கள். பிறகு மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, ஊதச் சொன்னார்கள். மூன்று முறை ஊதினேன். மொத்தம் ஐந்து நிமிடம். வெளியே வரும்போது அடுத்தவள் படியேறிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முதுகு என்னைப் போலத்தான்.

நாங்கள் மெத்தைக்கு ஓரம் தைக்கிறவர்கள். நான் இருபத்துமூன்று வருடமாகத் தைக்கிறேன். மேசை தாழ்வு, மெத்தை கனம், ஊசி வளைவு. ஊசிக்கு ஏற்றபடி ஆளும் வளைந்துவிடுவோம். கூடத்தில் எனக்குப் பெயர் கொக்கி. முதலில் அழுதேன். பிறகு, கொக்கி என்றால் மாட்டினதை விடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரமாகிறது.

நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பஞ்சுக் கூடத்திலிருந்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற உறைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். அங்கே துணி மட்டும்தான். ஜன்னல் உண்டு. தையல் அதே தையல். பஞ்சுக் கூடத்தில் விளக்கு போட்டால் வெளிச்சத்துக்கு உடம்பு இருப்பது தெரியும், அவ்வளவு தூசி. இரண்டு வருடமாக எனக்கு மூச்சு வாங்குகிறது. அதிலும் திங்கட்கிழமைகளில் சாயங்காலம் யாரோ நெஞ்சைச் சுற்றி ஓரப்பட்டி வைத்து இழுத்துத் தைத்ததுபோல இருக்கும். செவ்வாய் கொஞ்சம் தேவலை. சனிக்கிழமை கிட்டத்தட்ட மனுஷி.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குத் திங்கட்கிழமைனா வயித்து வலி. உனக்கு மூச்சு வலி" என்றார் என் கணவர். நல்ல மனிதர்தான். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் அன்று இரண்டு மாடி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அந்தச் சிரிப்பு எட்டாத தூரத்தில் இருந்தது. நானே எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், ஒருவேளை சோம்பல்தானோ என்று. ஞாயிறு முழுக்க நன்றாக இருந்துவிட்டு வேலைக்குப் போனதும் வருகிற நோயை யார்தான் நம்புவார்கள்? என் உடம்பு சொல்வதை நானே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். மற்றவர்களைக் குறை சொல்லி என்ன?

வண்டி போய் நான்கு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, சூப்பர்வைசர் காகிதத்தை நீட்டினார்.

"எம்பத்துநாலு சதவீதம். எம்பதுக்கு மேல இருந்தா நார்மல். நான் சொல்லலம்மா, மெஷின் சொல்லுது."

"மெஷினுக்கு மூச்சு வாங்கலையே சார்."

"பாத்தீங்களா, உடனே கொக்கி போடறீங்க. நார்மல்னு பேப்பர் வந்ததுக்கப்புறம் உங்கள மாத்தினா, நாளைக்கு முப்பது பேரும் வந்து நிப்பாங்க. நான் என்ன பண்றது?" கையை விரித்தார்.

இந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்த விரித்த கைகளை எல்லாம் அடுக்கினால் கூடத்தையே சுற்றி வரும். தொழிற்சாலை டாக்டர் மாத்திரை எழுதிவிட்டுக் கையை விரித்தார். சங்கத்துத் தம்பி, "ரிப்போர்ட் இல்லாம பேச முடியாதுக்கா" என்று விரித்தார். இப்போது ரிப்போர்ட் வந்துவிட்டது. அதுவும் விரிக்கிறது.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. தலையில் பஞ்சோடு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனேன். சாயங்காலப் பிரிவு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இது மூச்சுக் குழாயா, இதயமா, வெறும் களைப்பான்னு வெளிய இருந்து சொல்ல முடியாது. ஊதிப் பாத்துடலாம்" என்று சீட்டு எழுதினார். வேலை இடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். அதை எழுதின முதல் ஆள் அவர்தான்.

ஊதும் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர். குடலிறக்க ஆபரேஷனாம், மயக்க மருந்தை நுரையீரல் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் தேதி கொடுப்பார்களாம். பக்கத்தில் ஒரு தாயும் பெண்ணும். ஆறு மாதமாக இன்ஹேலரில் இழுக்கிற மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க வந்தவர்கள். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் யாரும் கேட்காமலே தன் கதையைச் சொன்னார்.

"முப்பது வருஷம் பீடி ஊதித் தள்ளினேன். இப்ப இன்னொரு தடவ ஊதுங்கறாங்க. ஊதினவன ஊதித்தான் பிடிக்கணும்போல."

குடலிறக்கக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "சிரிக்க வைக்காதீங்க சார், இறங்கிடும்" என்றார். பெஞ்சே குலுங்கியது. சிரித்ததில் எனக்கு இருமல் வந்து நிற்கவில்லை. அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

உள்ளே இருந்த டெக்னீசியன் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். குரல் மட்டும் கறிகாய் வண்டிக்காரன் குரல்.

"நல்லா இழுங்க... இன்னும் இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க! விடாதீங்கம்மா, இன்னும் இருக்கு உள்ள, இன்னும், இன்னும், இன்னும்..."

இவ்வளவு வருடத்தில் எனக்குக் கிடைத்த யோசனை எல்லாம் கொஞ்சம் மெதுவாகப் பேசு, கொஞ்சம் பொறு, கொஞ்சம் தழைந்து போ என்பதுதான். உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே விடு, இன்னும் இருக்கிறது என்று ஒரு மனிதப்பிறவி என்னைப் பார்த்துக் கத்துவது இதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வந்தது. மூச்சு முட்டியதாலும் இருக்கலாம்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் திரையைப் பார்த்தாள். "எம்பத்தொண்ணுமா. கோட்டுக்கு மேலதான் இருக்கு. நார்மல்." அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைப் பார்த்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

நாற்காலி பிளாஸ்டிக் நாற்காலி. அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். மூர்க்கம் என்று அதைச் சொல்ல முடியாது. எழுந்தால் மறுபடி அந்தக் கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"எதுல எம்பத்தொண்ணு?" என்று கேட்டேன். "நூத்துக்குன்னா, அந்த நூறு யாரோட நூறு?"

அவள் திரும்பினாள். இதை யாரும் அவளைக் கேட்டதில்லை போலிருந்தது. "மெஷினுக்கு உங்களத் தெரியாதும்மா. ஆம்பளையா பொம்பளையா, என்ன வயசு, என்ன உயரம், அத வச்சு நீங்க இவ்ளோ ஊதணும்னு ஒரு கணக்கு போடும். அதுதான் நூறு."

"அப்ப உயரம் கொறஞ்சா?"

"ஊத வேண்டியதும் கொறையும். சின்ன உடம்புக்குச் சின்ன நுரையீரல்தானே."

"என்ன உயரம் போட்டிருக்கீங்க?"

"நூத்தி நாப்பத்திரண்டு. இப்ப அளந்தேனே."

"என் கல்யாணத்தப்ப எங்க வீட்டுக்காரர் காதுக்கு மேல இருந்தேன். இப்ப அவர் தோளுக்குத்தான் இருக்கேன். என் முதுகுதாம்மா வளஞ்சுது. நுரையீரல் குட்டையாப் பொறக்கல. மெத்தைய மடிச்சு வச்சு அளந்துட்டு, இது சின்ன மெத்தை, இதுக்கு இவ்ளோ பஞ்சு போதும்னு சொல்வீங்களா?"

அவள் திரையை விட்டு எழுந்து வந்தாள். என்னை முதன்முறையாகப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது. அவள் மேல் எனக்குப் பிரியம் வந்தது அந்தச் சிவப்பினால்தான்.

"முதுகு வளஞ்சவங்களுக்கு உயரம் எடுக்கக் கூடாதும்மா" என்றாள், குரல் இறங்கி. "ரெண்டு கை நீளத்த எடுக்கணும், நிமிந்த உயரம் கிட்டத்தட்ட அதேதான். அதான் முறை. கூட்டத்துல... நான் பாத்திருக்கணும். வாங்க. சுவரோட நில்லுங்க. ரெண்டு கையையும் நல்லா விரிங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் விரிச்சாச்சு. நான்தான் பாக்கி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அவள் டேப்பை எடுப்பதற்கு முன்பே சொன்னேன், "நூத்தி அம்பத்தாறு வரும்." ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை டேப் போயிற்று. நூற்று ஐம்பத்தாறு. "எப்படிம்மா?" என்றாள்.

எப்படி என்றால், நாங்கள் ஓரப்பட்டியைக் கையை விரித்துத்தான் அளப்போம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஒற்றைக் கட்டில் மெத்தையைச் சுற்றி வர என் கையில் மூன்றரைப் பாகம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் மூன்றரை, இன்றைக்குக் காலையிலும் மூன்றரை. ஒரு விரற்கடை மாறியிருந்தாலும் பட்டி பற்றாமல் போயிருக்கும், சூப்பர்வைசர் முதலில் அதைத்தான் கண்டுபிடித்திருப்பார். என்னுடைய எல்லாமே சுருங்கிவிட்டது என்று நான் நம்பியிருந்த இத்தனை வருடமும், என் பாகம் மட்டும் தினம் நாற்பது தடவை என் கண் முன்னாலேயே விரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் எண்ணை மாற்றினாள். ஊதின மூச்சு அதே மூச்சுதான். திரை மட்டும் ஒரு கணம் யோசித்தது. அறுபத்தாறு.

அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பஞ்சு வேலையா?" என்றாள். "திங்கக்கிழமைதான் ரொம்ப இருக்கா?"

தலையை ஆட்டினேன்.

"பஞ்சுத் தூசிக்கு அப்படித்தாம்மா. ஒரு நாள் விட்டுட்டுத் திரும்பப் போனா நெஞ்சு இறுகும். அடுத்த திங்கக்கிழமை வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ, முடிஞ்சதும் ஒரு தடவ வந்து ஊதுங்க. வித்தியாசத்தப் பேப்பர்லயே காட்டிடலாம்."

சோம்பல் இல்லை. வெளியே வந்து மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை காகிதத்தை மேசைமேல் வைத்தேன். சூப்பர்வைசர் அதை விரலால் தொட்டார், எடுக்கவில்லை. "இது வெளிய எடுத்தது. எங்களுக்குக் கம்பெனி ரிப்போர்ட்தான் கணக்கு. ஒருத்தருக்கு ரெண்டு உயரம்லாம் எனக்குப் புரியலம்மா." கைகள் தாமாகவே மேசையிலிருந்து எழும்பி விரிந்தன.

"புரிய வைக்கறேன் சார்" என்றேன்.

மருத்துவமனைக் கதை அதற்குள் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. மதிய இடைவேளையில் யாரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. கூடத்தின் நீளச் சுவருக்கு முன்னால் நின்றேன். என் பக்கத்து மேசைக்காரி தையல் சாக்கட்டியை எடுத்தாள். என் தலை எட்டும் இடத்தில் ஒரு கோடு. கையை விரித்தேன், விரல் நுனிகளில் இரண்டு கோடு. அந்த நீளத்தை டேப்பில் பிடித்து, அப்படியே நிமிர்த்தி, தரையிலிருந்து சுவரில் ஏற்றி மேலே இன்னொரு கோடு போட்டாள். திரும்பிப் பார்த்தேன். என் தலைக்கு மேல் ஏழெட்டு விரல் உயரத்துக்கு வெறும் சுவர். அங்கே நான் இருந்திருக்கிறேன்.

"அடியம்மா" என்றாள் ஒருத்தி. "எனக்குப் போடு."

பிறகு வரிசை தானாக நின்றது. வண்டியில் எனக்குப் பின்னால் படியேறினவள், அவளுக்குப் பின்னால் நேற்றுதான் நார்மல் காகிதம் வாங்கின இரண்டு பேர், கூடத்திலேயே மூத்தவள். ஒவ்வொருத்தியும் சுவரோடு ஒட்டி, கையை விரித்து, திரும்பித் தன் தலைக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

சூப்பர்வைசர் வந்தபோது பதினோராவது ஆள் நின்றிருந்தாள்.

"என்ன இது? யாரு கிறுக்கினது?"

"கிறுக்கல சார், அளந்தது" என்றேன். "ஒருத்தருக்கு ரெண்டு உயரம். புரியலன்னீங்களே."

"அழிங்க மொதல்ல."

யாரும் நகரவில்லை. அளந்து முடித்தவர்கள் பக்கத்திலிருந்து மூத்தவளின் குரல் வந்தது. "சார், நீங்களும் ஒரு தடவ வந்து கையை விரிங்களேன். உங்களுக்குத்தான் நல்லாப் பழக்கமாச்சே."

கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. ஒருத்தி தொடங்க அடுத்தவள், அவளிடமிருந்து அடுத்தவள் என்று சுவர் நெடுக இருமல் போய்த் திரும்பி வந்தது. அவர் நடுவில் நின்றார். யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தியே பழகினவர்கள் நாங்கள். அன்று கைகள் வேறு வேலையில் இருந்தன.

இருமல் அடங்குவதற்குள் மணி அடித்தது. யாரும் மேசைக்குப் போகவில்லை. பன்னிரண்டாவது ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைச் சுவரோடு சேர்த்து நின்றாள். சாக்கட்டி இப்போது என் கையில் இருந்தது.

"நல்லா விரி" என்றேன். "இன்னும் இருக்கு. இன்னும்."