கட்டிலோரம் வந்த மேசை

என் கணவர் உபைதுல்லாவுக்கு எலும்பில் புற்றுநோய். அது தெரிந்ததிலிருந்து திருத்தங்கல், காரியாபட்டி என்று எல்லா ஊர்ச் சொந்தமும் பார்க்க வருகிறது. டீ போட்டுப் போட்டே என் நாவல் அடுப்படி மேசையில் பாதியில் கிடந்தது. "புருசன் இப்படிக் கிடக்கையில கதை கேக்குதா தஹ்மீனா?" என்பார் அவருடைய அக்கா சுமைரா.

என் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். ஆள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முனக ஆரம்பிப்பார். பாவம், தூங்கட்டும் என்று எழுந்து போய்விடுவார்கள். "போயிட்டாக. நீ போய் எழுது" என்று கண்ணடிப்பார்.

நேற்று சுமைரா மதினி வந்தபோதும் அவர் முனகினார். நான் உள்ளே சிரித்துக்கொண்டே எழுதினேன். மதினி போய் வெகுநேரமாகியும் முனகல் நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் தலையணை வேர்வையில் நனைந்து கிடந்தது. வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கத்தினேன்.

"நெசமாவே வலிச்சா கூப்பிட்டா என்னங்க?"

"இன்னைக்கு அத்தியாயத்தை முடிச்சிருவேன்னு சொன்னியே."

வந்த கோபத்தில் மேசையை ஒற்றை ஆளாக இழுத்துவந்து கட்டிலை ஒட்டிப் போட்டேன்.

இன்று மதினி மறுபடி வந்தார். நான் எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க மதினி. டீ ஃபிளாஸ்க்குல இருக்கு, ஊத்திக்கிடுங்க" என்றேன். மதினி தானே ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

என் இடது கையைக் கட்டிலில் படுத்தபடி அவர் பிடித்திருக்கிறார். வலது கையால் எழுதுகிறேன். வலி வரும்போது இறுக்கிப் பிடிக்கிறார்; அங்கெல்லாம் என் எழுத்து கோணுகிறது. கோணட்டும்.