தண்ணீரைக் காப்பாற்றியவர்

என் கணவர் குழாய்க் கசிவு கண்டுபிடிக்கும் உத்தியோகத்தில் இருப்பவர். ஒரு சொட்டு வீணானாலும் அவருக்குச் சோறு இறங்காது. நான் வீணாய்ப் போனதுதான் இன்னும் அவர் கண்ணில் படவில்லை.

என் தம்பி ஆராய்ச்சி மாணவன். கல்லூரி ஆய்வகத்தில் ஏசி ஓடுவதும் நிற்பதுமாகச் சூடு ஏறி இறங்கியதால், ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து எங்கள் துணி அலமாரி மேல் வைத்தான். உள்ளே ஏதோ உப்புக் கரைசல். அதில் தொங்கும் நூலின் நுனியில் கடுகளவு படிகம். வாய்க்கு ஓட்டை போட்ட காகிதம். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாக ஆக, கரைந்த உப்பு அதன்மேல் படிந்து படிகம் பெரிதாகுமாம். ஊரில் அவனவன் நாய் வளர்க்கிறான், என் உடன்பிறப்பு உப்பு வளர்த்தான்.

இவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க இருப்புக்கொள்ளவில்லை.

"தண்ணி குறையுதேடா மச்சான், எங்க ஒழுகுது?"

"ஒழுகல மாமா. உள்ள மூலக்கூறெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். மேல்பக்கம் இருக்கிறதுல ரொம்ப வேகமா ஓடுறது மட்டும் பிடியை உதறிட்டு காத்தோட போயிடும். மந்தமானது தங்கிடும்."

"அட, எங்க ஆபீஸ் மாதிரி! கெட்டிக்காரன் எல்லாம் கிளம்பிட்டான்."

"நீங்க இன்னும் அங்கதானே இருக்கீங்க?" என்றேன்.

மாதங்கள் ஓடின. தண்ணீர் பாதியானது, படிகம் கட்டைவிரல் அளவானது. அதைக் காட்டினால் பெரிய ஆய்வகம் ஒன்றில் தம்பிக்கு இடம். அங்கிருந்த பேராசிரியர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். பாவம், பிள்ளை தூக்கத்திலும் அதையே உளறினான்.

வியாழக்கிழமை காலை, இரண்டு நாள் வெளியூர் போயிருந்த தம்பி திரும்பினான். குவளை கொண்டுவந்து வைத்த அன்று இருந்த அளவுக்கு நிரம்பியிருந்தது. நூல் இருந்தது. நுனியில் கடுகளவு ஏதோ இருந்தது.

"காஞ்சு போயிருமேன்னு நான்தான் ஊத்துனேன். அடியில சேறு தங்கக்கூடாதுன்னு ஒரு கலக்கும் கலக்கி விட்டேன்," என்றார் இவர், விருது வாங்கப் போகிறவர் முகத்தோடு.

"மகராசன்! வளர்ந்ததையெல்லாம் திரும்பக் கரைச்சுட்டீங்களே, புரியுதா?" என்று கத்தினேன். அவர் குவளையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது.

தம்பி கத்தவில்லை. அடுத்த அறைக்குப் போய்ப் பேராசிரியரைக் கூப்பிட்டான். "சார், என் தப்புதான். கவனமில்லாம நானே தண்ணி ஊத்திட்டேன்."

வாசலில் நின்ற இவர் அதைக் கேட்டார். பாய்ந்துபோய்ப் போனைப் பிடுங்கினார். "சார், ஊத்துனது நான் சார்! பையன் எனக்காகப் பொய் சொல்றான். வேகமா ஓடுறதுதான் சார் வெளிய போகும், மந்தமானது தங்கிடும், எல்லாம் எனக்குச் சொல்லிக்குடுத்தான். நான்தான் மண்டையில ஏத்திக்கல. அவன் இடத்தை மட்டும் எடுத்துடாதீங்க சார்!"

"மாமா," என்றான் தம்பி. "அவர் அப்பவே போனை வெச்சுட்டாரு."

"மறுபடி போடுடா," என்றார்.

போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.