ஒரு ட்ரே, இரண்டு கையெழுத்து

காலை எட்டேகாலுக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்தபோது, ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவின் மேற்பார்வையாளர் அப்போதுதான் கூந்தலைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ட்ரேயில ஒரு கத்தரி குறையுது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எண்ணினதால தப்பிச்சோம். யார் கட்டினதுன்னு பேரோட சாயங்காலத்துக்குள்ள அறிக்கை வேணும்" என்று தியேட்டர் நர்ஸ் பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ட்ரே திரும்பி வந்தது. சுற்றியிருந்த துணியில் இரண்டு டேப் துண்டுகள். அடியில் இருந்ததில் மேற்பார்வையாளரின் நாத்தனாருடைய கையெழுத்து. அதன்மேல் ஒட்டியிருந்ததில் மேற்பார்வையாளரின் சொந்தக் கையெழுத்து.

ஐந்து மாதத்துக்கு முன் இந்தப் பதவிக்கு வந்த நாளாய் அவளுக்கு ஒரு வழக்கம். தனக்குக் கீழே வேலை செய்யும் ஆறு பேரும் எண்ணிக் கட்டிய ட்ரேக்களை, கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்துக்குள் போகுமுன் ஒவ்வொன்றாகப் பிரிப்பாள், பார்ப்பாள், மறுபடி கட்டித் தன் டேப்பை ஒட்டுவாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர். அந்த ஆறு பேரில் கை சுத்தத்துக்கும் வேகத்துக்கும் பேர்போனவள் நாத்தனார்தான். வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், மெல்ல 'மேடம்' என்று மாறினாள். போன வாரம் பிரசவ வார்டுக்கு மாற்றல் கேட்டுக் கடிதமும் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் ஒரே அடுப்படி. "உப்பு எங்கே?" "அங்கேதான்." அதற்கு மேல் பேச்சில்லை. நடுவில் கணவன், இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளமாய்.

அவள் தியான வகுப்பில் சேர்ந்தபோது துணைக்கு வந்து, முதல் நாளே குறட்டைவிட்டு மானத்தை வாங்கியவன் அவன். ஆனாலும் சொல்வதைச் சரியாகச் சொல்லுவான். "உனக்கென்னம்மா, கண்ணை மூடினா முனிவர், தொறந்தா இன்ஸ்பெக்டர்!"

அறிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாத்தனாரின் பேரை எழுதினால் தீர்ந்தது. முதலில் கட்டியது அவள். பேனாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நெஞ்சு படபடக்கும்போது எதையும் எழுதாதே, முதலில் மூச்சைப் பார் என்பது வகுப்பில் படித்த பாடம். துணிமூட்டையின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

மூச்சா வந்தது? நேற்று மதியம்தான் வந்தது. இதே ட்ரேயைப் பிரித்தபோது தலைமை அதிகாரி வராந்தாவில் யாரையோ கடிந்துகொண்டிருந்தார். காது அங்கே, கை இங்கே. கத்தரிகள் மினுங்கியது ஞாபகம் இருக்கிறது. எண்ணியது ஞாபகம் இல்லை. எண்ணவே இல்லையே!

சுருக்கென்றது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுருக்குக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அக்கறை, அக்கறை என்று ஐந்து மாதமாய் அவள் சொல்லிக்கொண்டிருந்தது பயம். தன்மேல் பழி வந்துவிடுமோ என்ற பயம். அதைத்தான் ஆறு பேர் தலையிலும் கட்டி வைத்திருந்தாள். ட்ரே போகும் இடத்தில் ஒரு மனுஷன் மயக்கத்தில் படுத்திருப்பான் என்பது எந்த டேப்பை ஒட்டும்போதும் அவள் நினைவுக்கு வந்ததில்லை.

வெளியே வந்தபோது நீள மேஜையைச் சுற்றி ஆறு பேரும் நின்றிருந்தார்கள். நாத்தனார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டாள்.

"என் பேரைத்தானே எழுதியிருக்கீங்க மேடம்? எழுதிக்கோங்க. அப்படியே மாற்றல் கடுதாசியிலயும் கையெழுத்துப் போட்டா ஒரே வேலையா முடிஞ்சுடும்."

"நீ எண்ணினியா?"

நாத்தனாரின் முகம் சிவந்தது. "இல்ல. எப்படியும் நீங்க பிரிச்சுக் கொட்டத்தானே போறீங்க! நான் எதுக்கு எண்ணணும்னு விட்டுட்டேன். தப்புதான்."

"நானும் எண்ணலை. நீ எண்ணியிருப்பேன்னு சும்மா பார்த்துட்டு ஒட்டிட்டேன்."

துணி மடிக்கும் பெண்மணி அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தாள். "நல்ல கூத்து! மாமியார் போடுவான்னு மருமகளும், மருமக போடுவான்னு மாமியாரும் உப்பில்லாம சோறாக்கின கதைதான்!"

மேற்பார்வையாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அறிக்கையை எல்லோரும் பார்க்க மேஜையில் வைத்தே எழுதினாள். 'கட்டியவர் எண்ணவில்லை. எண்ணாமல் விடும்படியான முறையைக் கொண்டுவந்தது நான். கடைசிக் கையெழுத்தும் என்னுடையது.'

"அதிகாரி உங்களைக் காய்ச்சி எடுத்துடுவாரே" என்றாள் நாத்தனார், குரல் இறங்கி.

"எடுக்கட்டும். எப்படிச் செஞ்சா இது மறுபடி வராது? சொல்லு."

"என்னையா கேக்கறீங்க?"

"இந்த மேஜையில எட்டு வருஷமா நிக்கறவ நீ. உன்னைக் கேக்காம சுவரையா கேக்கறது?"

நாத்தனார் கட்டிய கையைப் பிரித்தாள். "ஒருத்தர் பட்டியலைச் சத்தமா படிக்கணும். இன்னொருத்தர் ஒவ்வொண்ணா தொட்டு வைக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே டேப். அதுக்கப்புறம் யாரும் பிரிக்கக்கூடாது." பார்வை நேராக வந்தது. "யாரும்."

"சரி."

அன்று மதியமே சோதனை வந்தது. அவசர ஆபரேஷன், புது முறையில் முதல் ட்ரே கட்டி முடிந்தது. மேற்பார்வையாளரின் விரல்கள் தாமாகவே டேப்பின் நுனியைத் தேடிப் போயின. அவள் அந்த அரிப்பை உணர்ந்தாள், மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து வெளியே விட்டாள், ட்ரேயைப் பிரிக்காமல் இயந்திரத்துக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினாள்.

திரும்பியபோது நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடுதாசி" என்றாள் மேற்பார்வையாளர். "உனக்குப் போகணும்னுதான் இருந்தா, நான் தடுக்க மாட்டேன். இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"இப்பவா? அடுத்த ட்ரே காத்துக்கிட்டு இருக்கு" என்று நாத்தனார் பட்டியலை அவள் கையில் திணித்தாள். "கடுதாசி எங்கேயும் ஓடிடாது. நீங்க படிங்க, நான் வைக்கறேன். வேகமா படிச்சீங்கன்னா மறுபடி முதல்ல இருந்துதான், ஆமா!"

"கத்தரி, நாலு" என்று நிதானமாக ஆரம்பித்தாள் மேற்பார்வையாளர்.