செல்வாம்பாள் வீட்டில் கை நனைத்தது

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். எனக்கு மயக்கம் வராது, படபடப்புதான் வரும். வயிறு முட்ட ஒரு பிடி பிடித்தால் போதும், கால் மணி நேரத்தில் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது உப்பளம் பேட்டையில் எங்கள் தெருவே கூடிவிட்டது. ஒருத்தி கண்ணேறு என்றாள், இன்னொருத்தி காத்து கருப்பு என்றாள். இரண்டு பேரையும் பேசவிட்டுவிட்டு நான் டாக்டரிடம் போனேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்த டாக்டர். சீட்டைப் பிரெஞ்சில் எழுதினாலும் திட்டுவது நல்ல தமிழில்தான். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"இருதயம் நல்லா இருக்கும்மா. ஒரே வேளையில மலையாட்டம் கொட்டிக்காத. கொஞ்சம் கொஞ்சமா, மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் சாப்பிடு. காப்பிய வுடு. சாப்ட்டதும் படுக்காத," என்றார்.

காப்பியை விட்டதுதான் கஷ்டம். மற்றபடி எட்டு மாதமாகப் படபடப்பு என்னிடம் வாலாட்டவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்த அந்தத் தை மாதத்தில் என் மகள் அமிர்தவல்லிக்கு அரியாங்குப்பத்தில் ஒரு வரன் அமைந்தது. பையன் பலராமனுக்கு மில்லில் வேலை. அமிர்தத்துக்கு அவனைப் பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லைதான், பெற்றவளுக்குத் தெரியாதா? நானும் என் வீட்டுக்காரரும் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினோம். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்கச் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்போம். இல்லையென்றால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவோம்.

வண்டி பாலம் தாண்டும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "ரஞ்சிதம், நெஞ்சு சமாச்சாரத்த அங்க மூச்சு வுடாத. சீக்குக்காரக் குடும்பம்னு சொல்லிடுவாங்க. இன்னிக்கு ஒரு நாள் போடறத தின்னுட்டு வா."

வீடு பிடித்தது, பேச்சும் பிடித்தது. வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். பையனின் அம்மா செல்வாம்பாள் தானே பரிமாறினாள். சாம்பார் சோற்றை நான் முடிப்பதற்குள் அடுத்த குவியலோடு வந்து நின்றாள். என் அளவு எனக்குத் தெரியும். இலைமேல் கையை விரித்து மறைத்தேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "நாலு வாய்ல கைய இழுத்துக்கிட்டா இன்னா அர்த்தம்? பொண்ணு குடுக்க மனசு இல்லன்னா நேரா சொல்லிட வேண்டியதுதான?"

பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. என் வீட்டுக்காரர் முழங்காலால் இடித்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நெஞ்சுக்காக அல்ல, அமிர்தத்துக்காக. ஆனால் இன்று மறைத்துவிட்டால், நாளைக்கு இந்த வீட்டில் அவள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

"மனசு இருக்கு. வயிறுதான் கேக்காது," என்றேன். "வயிறு ரொம்பிட்டா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இருதயத்துல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கொஞ்சம் கொஞ்சமா தின்னா கல்லு மாதிரி இருப்பேன். இந்தச் சோத்த மூடி வையுங்க. மூணு மணிக்குக் கொஞ்சம் திங்கறேன், ஆறு மணிக்குக் கொஞ்சம் திங்கறேன். உங்க ஊட்டு சாப்பாட்ட முடிக்காம நான் போவ மாட்டேன்."

"உங்க பொண்ணுக்கும் இப்பிடித்தானா?"

"அவளா? நீங்க ரெண்டு தரம் போட்டா மூணாவது தரம் கேப்பா."

யாரோ சிரித்தார்கள். செல்வாம்பாள் சிரிக்கவில்லை. சட்டியை மூடி உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

நான் படுக்காமல் அவர்கள் வாசலில் மெதுவாக நடந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்குச் செல்வாம்பாள் சோறு போட்டாள், நான் சாப்பிட்டு எழுந்து மறுபடி நடந்தேன். பிறகு அவள் அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று இன்னும் இரண்டு சுற்று நடந்தேன்.

ஆறு மணிக்கு விளக்கேற்றிய கையோடு மறுபடி இலை போட்டாள். சம்மதத்துக்கு ஒரு தடவை கை நனைத்தால் போதும், நான் மூன்றாவது தடவையாக உட்கார்ந்திருந்தேன். சோற்றைக் கொஞ்சமாக வைத்துவிட்டு, கரண்டியை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்ளோ போதுமா, சம்பந்தி?"

இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்.