பன்னிரண்டு ஜோடிப் பனிக்காலணிகளுக்கான ரசீது

ஓய்வுபெற்ற சுபேதார் அப்பாதுரை எந்தப் படத்தில் நடித்தாலும், அவருக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி, மலைப்போரில் இறந்துபோன சிப்பாய் ரங்கன் தலையைக் குனிந்தபடி நின்றான். படப்பிடிப்பில் இருந்த எவர் கண்ணுக்கும் அவன் தென்படவில்லை. கேமராவுக்கு மட்டும் தென்பட்டான். வயது இருபத்தாறு, மேலே பட்டாளத்துக் கம்பளிச் சட்டை, காலில் பழுப்பு கேன்வாஸ் காலணி. முதல் படத்தில் அப்பாதுரை நீதிமன்றக் காவலர். கூண்டருகே ரங்கனும் நின்றான். படத்தொகுப்பாளர் அவனை அழித்தார். மறுநாள் காலை அவன் அதே இடத்தில் இருந்தான். மூன்று படங்களுக்குப் பின் அழிப்பதை விட்டுவிட்டார்கள். பார்வையாளர் எவரும் கேட்கவில்லை; நம் படங்களில் காரணமின்றி நிற்பவர்கள் ஏராளம் என்பதால் இருக்கலாம்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்காரரான அப்பாதுரை நடிக்க வந்தது தற்செயல். தாம்பரத்தில் ஒரு படப்பிடிப்புக்குக் காவல் மேற்பார்வையாளராகப் போனவரின் மீசையையும் நடையையும் கண்டு, அன்று வராத நடிகரின் சீருடையை அவருக்கு மாட்டிவிட்டார்கள். பதினொரு ஆண்டுகளில் முப்பத்தெட்டுப் படங்கள். பத்தொன்பதில் சுடப்பட்டார், இரண்டில் தூக்கிலிடப்பட்டார். ரங்கன் ஏன் வருகிறான் என்று அவர் எவரிடமும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

அவருடைய படைப்பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. கிடங்கிலிருந்து பொருள் புறப்படுமுன்பே, வந்து சேர்ந்ததாக ரசீதில் கையெழுத்திட வேண்டும். தாள் சரியாக இருந்தால் பொருள் தானே வந்துவிடும் என்பது நம்பிக்கை. அன்று ஹவில்தாராக இருந்த அப்பாதுரை பன்னிரண்டு ஜோடிப் பனிக்காலணிகளுக்குக் கையெழுத்திட்டார். அவை ஒன்பது நாள் கழித்து வந்தன. அதற்குள் அவரும் ரங்கனும் கேன்வாஸ் காலணியோடு ஒரு முகட்டை இரண்டு நாள் விடாமல் காவல் காத்தார்கள். ரங்கனின் கால்கள் முழங்கால்வரை கருத்தன. மூன்றாம் நாள் இறந்தான். அப்பாதுரை இடக்காலில் மூன்று விரல்களை இழந்தார். அதனால் ஏற்பட்ட நடையைத்தான் பின்னாளில் சினிமாக்காரர்கள் கம்பீரம் என்றார்கள். விசாரணை ரசீதைப் பார்த்தது. காலணி வழங்கப்பட்டிருக்கிறது, இறந்தவர் அதைத் தொலைத்திருக்கிறார், எனவே இது போர்ச்சாவு அன்று, கவனக்குறைவு. நினைவுக்கல்லில் ரங்கன் பெயர் பொறிக்கப்படவில்லை. அப்பாதுரைக்கு வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை.

ரங்கனின் மனைவி பொன்னியம்மாள், நீலாங்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு வந்து ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்பவள். ஓய்வுபெற்றதும் அவளைத் தேடிக் கண்டுபிடித்த அப்பாதுரை, பதினாறு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் அவளிடம் மீன் வாங்கினார். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாததை எழுதினார். ஆறு முறை திருத்திய அவருடைய போர் நினைவுக் குறிப்பில் எண்பத்து மூன்றாம் பக்கம் ரசீதைப் பற்றியது. வீரனின் புத்தகத்தில் குமாஸ்தா வேலை எதற்கு என்று பதிப்பாளர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நீக்கினார். புத்தகம் நான்கு பதிப்புகள் கண்டது. பள்ளிகள் அழைத்துப் பொன்னாடை போர்த்தின. அப்பாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு போர்த்திக்கொண்டார்.

பிறகு இயக்குநர் இளமாறன் அதைப் படமாக்க வந்தார். திரைக்கதை இன்னும் எழுதவில்லை, ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்து வேண்டும் என்றார். அப்பாதுரை முப்பது பக்கங்களிலும் போட்டார். “வாசிக்காமலே போடுறீங்களே, இன்னும் பட்டாளத்துலயா இருக்கீங்க?” என்று அவர் மனைவி பேபி கேட்டாள்.

மே மாதத்தில், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பூட்டிக் கிடந்த பட்டறை ஒன்றுக்குள் தெர்மாகோல் பனி கொட்டினார்கள். படத்தில் ரங்கன் ஒரு கோமாளி. சீட்டாட்டத்தில் காலணியைத் தோற்றுவிட்டுப் பனியில் வெறுங்காலோடு குதிப்பான். கர்னல் வேடமிட்ட அப்பாதுரை அவன் பிணத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வசனம்: “பூட்ஸத் தொலைச்சவன் நாட்டையும் தொலைப்பான்.” அவர் மறுத்தார். இளமாறன் குரலை உயர்த்தவில்லை. “எல்லாப் பக்கத்துலயும் உங்க சைன் இருக்கு சார்” என்றார். அந்த மரியாதைதான் அவரைக் கொளுத்தியது. கேமரா ஓடத் தொடங்கியதும் அப்பாதுரை, “பூட்ஸ் வரவே இல்ல. வந்துச்சுன்னு கையெழுத்துப் போட்ட நாய் நான்” என்றார். காட்சி நிறுத்தப்பட்டது. முப்பத்தெட்டுப் படங்களாகக் குனிந்திருந்த ரங்கன், மானிட்டரில் தலையை நிமிர்த்தியிருந்தான். இளமாறன் அந்தத் துண்டை நீக்கினார்; கர்னல் வேடம் வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அப்பாதுரை அதே சொற்களைச் சந்திப்பில், மீன் கூடைக்கு முன் நின்று சொன்னார். பொன்னியம்மாள் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள், கத்தியை நிறுத்தவில்லை.

“எத்தினி வருசமா எங்கிட்ட மீன் வாங்கிக்கினு கீறே, மிலிட்டரி?”

“பதினாறு.”

“ஒரு நாளு பேரம் பேசல நீ. நல்ல மன்சன்னு நெனச்சிகினு இருந்தேன்.” செதிலை வழித்தெறிந்தாள். “எம் மாமியா சாவற வரிக்கும் பெத்த புள்ளைய ஷூவத் தொலைச்ச பேமானின்னு திட்டிக்கினே செத்துச்சு. நீ மெடலக் குத்திக்கினு போட்டோ புடிச்சே.”

அவர் பட்டாளத்து மேலிடத்துக்கு உண்மையை எழுதிக் கொடுப்பதாகவும், இனி நடிக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

“அத்த மட்டும் சொல்லாத. உன் மொத படத்துலியே அவர பாத்துட்டேன். காலையே பாத்துகினு நிக்கிறாரே, இன்னாத்துக்குன்னு இத்தினி வருசம் தெரியல. நீ நடிச்சாத்தான் அவரு வர்றாரு. பொணமா படுக்கச் சொன்னாலும் போயிப் படு.”

அன்று அவள் அவருக்கு மீன் விற்கவில்லை. அதன்பின்னும் விற்கவில்லை.

அப்பாதுரை எழுதிக் கொடுத்தார். மூல ரசீது ஒழுங்காக இருப்பதால் தீர்ப்பை மாற்ற வழியில்லை என்று பதினான்கு மாதத்துக்குப் பின் பதில் வந்தது. மூன்று முறை மேல்முறையீடு செய்தார். மூன்று முறையும் அதே பதில், அதே எழுத்துப்பிழைகளோடு. அந்தச் சினம் குறையாமலே அவர் கிடைத்த வேடத்தையெல்லாம் ஏற்றார்: சிமெண்டு விளம்பரத்தில் மேஸ்திரி, குடிகாரன், பிரேத பரிசோதனை மேசையில் பிணம். இப்போது மாலை ஏழு மணித் தொடரில் மணப்பெண்ணின் பெரியப்பா. பட்டுவேட்டிகளுக்கு நடுவே ரங்கன் கம்பளிச் சட்டையோடு, நேரே பார்த்தபடி நிற்கிறான். அவன் நிமிர்ந்த பின், யார் அவன் என்று தயாரிப்பாளருக்கு வந்துகொண்டிருந்த கடிதங்களும் நின்றுவிட்டன. தொடர் இருநூறு பகுதிகளைத் தாண்டிவிட்டது. ஏழு மணிக்குக் குப்பத்து வீட்டில் எவரும் திரைக்குக் குறுக்கே நடப்பதில்லை. விளம்பரம் வந்ததும் பொன்னியம்மாள் எழுந்துபோய்ச் சோற்றை வடித்துவிட்டு வருகிறாள்.