டயர் அமுங்கிய லாரிகள்

வட்டாரத்துக்கே நாடி பிடித்துப் பார்ப்பது அவள் வேலை. ஆலைகள் எவ்வளவு மின்சாரம் இழுத்தன, எத்தனை லாரிகள் சரக்கோடு வெளியே போயின, மொத்தச் சந்தையில் விலை ஏறியதா, வேலை கேட்டுப் பதிந்தவர்கள் கூடினார்களா குறைந்தார்களா என்று மாதம் முழுக்கத் திரட்டி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கி இயக்குநரின் மேஜைக்கு அனுப்புவாள். எண் ஏறினால் ஊர் நன்றாக இருக்கிறது. இறங்கினால் ஜுரம். புள்ளியியல் அலுவலகத்தில் அவளுக்கு நாடியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

வீட்டில் கணவன் வைத்த பெயர் வேறு. "எங்க வீட்டு ஜோசியக்காரி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பான். ஊர் எல்லையில் இருக்கும் கியர் ஆலையில் அவன் லேத் ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே ஆலை, அதே லேத். தொழிலாளர் குடும்பங்களை உள்ளே அழைத்துச் சுற்றிக் காட்டிய ஒரு நாளில், அவர்களுடைய மகள் வாலு அந்த லேத்தின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் வாத்து ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். அதுவும் தலைகீழாக. மேற்பார்வையாளர் சுரண்டி எடுக்கச் சொல்லியும் அவன் எடுக்கவில்லை. "அது முங்கி மீன் பிடிக்குது சார், தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிச் சமாளித்துவிட்டான்.

இப்போது ஆலையில் வருடாந்திரப் பராமரிப்பு. சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு. வழக்கமாக நாலைந்து நாள்தான் விடுவார்கள், இந்த வருடம் தாராளம். அவன் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெளியூர்க் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டது. இதே வேலை, நல்ல சம்பளம், குடியிருக்க இடம். ஒரே ஒரு நிபந்தனை, புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் மனைவியைப் பார்த்தான்.

"ஜோசியக்காரி, சொல்லு. நாடி எப்படி அடிக்குது? போலாமா, இருக்கலாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. லாரிக் கணக்கு அன்று மதியம்தான் வந்திருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இத்தனை லாரிகள் சரக்கோடு ஊரை விட்டுப் போனதே இல்லை.

"ஏறுமுகம்ங்க. இப்படி ஒரு மாசத்தை நான் பார்த்ததே இல்ல. எல்லாரும் வேலை தேடி இங்க வரப் போறாங்க, நீங்க எதுக்கு இங்கேருந்து போகணும்?"

அவ்வளவுதான். புதன் காலை காப்பி ஆறுவதற்குள் அவன் வெளியூர்க் கம்பெனிக்குப் போன் போட்டு, மன்னிக்கணும், வரமுடியாது என்று சொல்லிவிட்டான். வைத்த கையோடு வர்ண டப்பாவைத் திறந்தான். வாலு பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்ற சந்தோஷத்தில் ஒரு ஜன்னல் கம்பிக்குத் தானே வர்ணம் பூசி, சீருடையிலும் பூசிக்கொண்டாள்.

அலுவலகத்துக்குப் போனால், மின்வாரியத்தின் கணக்கு வந்து காத்திருந்தது. நாடியம்மா அதை ஒருமுறை பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆலைகளின் மின்சாரம் மளமளவென்று சரிந்திருந்தது. லாரிகள் உச்சத்தில், மின்சாரம் பாதாளத்தில். அடுப்பே பற்றவைக்காமல் பந்திக்குச் சோறு போனது போல இருந்தது அவளுக்கு.

இயக்குநரிடம் எடுத்துக்கொண்டு போனாள். அவர் மறுநாள் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசப்போவதைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இதில் என்ன குழப்பம் என்று கேட்டார். கியர் ஆலை பராமரிப்புக்காக மூடியிருக்கிறது, மின்சாரம் குறையத்தான் செய்யும். கிடங்கில் இருக்கிற சரக்கை அனுப்பிக் காலி பண்ணுகிறார்கள், லாரி கூடத்தான் செய்யும். உச்சம் என்றால் சந்தோஷப்படாமல் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து நிற்கிறீர்களே என்று செல்லமாகக் கடிந்துகொண்டார்.

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் புறவழிச்சாலைச் சோதனைச்சாவடிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கேதான் லாரிகளை எண்ணுவது. எண்ணுகிறவருக்குப் பெயரே டயர் அண்ணன். சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின் டயரை மட்டும் பார்ப்பார். டயர் அமுங்கினால் சரக்கு. துள்ளினால் காலி. தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. அது காவல்துறையின் வேலை, நமக்கு எதற்கு வம்பு என்பார். வருடக்கணக்காக அப்படித்தான் கணக்கு வருகிறது. அவளும் அதைத்தான் வாங்கிக் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளைப் பார்த்ததும் டயர் அண்ணன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அலுவலகத்திலிருந்து யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, நாற்காலிக்கே வெட்கமாக இருக்கும் என்றார்.

"எல்லாம் அமுங்கித்தான் போகுதா அண்ணே?"

"அமுங்குதாவா? ரோடே முனகுதும்மா. யானையை ஏத்திட்டுப் போறானுங்களோ என்னமோ."

சாவடியில் நாலைந்து லாரிகள் சீட்டுப் பதிய வரிசையில் நின்றன. கியர்கள் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். சின்னச் சின்ன மரப்பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே மட்டமாக. அவள் வீட்டுப் பழைய துணிகள்கூட அந்தப் பெட்டி ஒன்றில்தான் கிடக்கின்றன. இந்த லாரிகளில் தார்ப்பாய் மட்டமாக இல்லை. மேடும் பள்ளமுமாக, போர்வைக்குள் ஆட்கள் முழங்காலை மடக்கிப் படுத்திருப்பது போல இருந்தது.

கடைசி லாரியின் டிரைவர் கீழே இறங்கிப் பீடி பற்றவைத்தார். என்ன சரக்கு என்று அவள் பேச்சுக் கொடுத்தாள். மெஷின் என்றார். எங்கே போகிறது என்றாள். அவர் சொன்ன ஊர் ரொம்பத் தூரத்தில் இருந்தது. பழுது பார்க்கவா என்று கேட்டாள்.

"பழுதா? அங்க புது ஷெட்டே கட்டிட்டாங்கம்மா. தரையில போல்ட்டு மாட்டக் குழிகூட ரெடி. நான் போறது இது மூணாவது நடை."

அவள் லாரியின் பக்கவாட்டுக்குப் போனாள். கயிறு தளர்ந்திருந்த இடத்தில் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். பச்சை வர்ணம் அடித்த இரும்பு. எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குக் கீழே, அவள் கண்ணுக்கு நேராக, மஞ்சள் வாத்து.

தலைகீழாக.

டிரைவர் ஏதோ சொன்னார், அவள் காதில் விழவில்லை. கை தார்ப்பாயை விட மறுத்தது. லாரி கிளம்ப வேண்டும் என்று டயர் அண்ணன் வந்து அவள் விரல்களை மெல்லப் பிரித்துவிட வேண்டியிருந்தது. லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின் டயர் நன்றாக அமுங்கியது. டயர் அண்ணன் பழக்கதோஷத்தில் ஒரு கோடு போட்டார். ஊரின் வளர்ச்சியில் இன்னும் ஒன்று கூடியது.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கணவன் ஏணிமேல் நின்றிருந்தான். மூக்கில் நீலப் புள்ளி. இறங்கி வாங்க என்றாள். அவள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தான். அவள் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான். விடுப்பு முடிந்து வந்தால் மெஷின் இல்லாமல் கையால் கியர் கடையச் சொல்வார்களா என்று கேட்டான். வாத்து ஸ்டிக்கர் கடைக்குக் கடை விற்கிறது, எவன் பிள்ளையோ எந்த மெஷினிலோ ஒட்டியிருக்கும் என்றான்.

"தலைகீழா இருந்துச்சுங்க."

பிரஷ் அவன் கையிலிருந்து நழுவி வாசற்படியில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய் வெளியூர்க் கம்பெனிக்குப் போன் போட்டான். அவள் கதவருகே நின்று கேட்டாள். மூன்று முறை சரிங்க என்றான். நான்காவது சரிங்க வெளியே வரவில்லை. மத்தியானமே வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே சொன்னேன்."

அவன் அவளைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. போன லாரிகள் எத்தனை, அதில் நம்ம ஆலையுடையது எத்தனை இருக்கும் என்று மட்டும் கேட்டான். அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். அப்படியென்றால் பாதிக்கு மேல் மெஷின் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்றான். மறுபடியும் போனை எடுத்தான். இந்த முறை அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. கூட வேலை செய்கிற ஒவ்வொருவனையும் மச்சான், மாப்ளே என்று கூப்பிட்டு, சுருக்கமாக ஒன்றே ஒன்று சொன்னான். விடியும்போது பின்வாசலுக்கு வா.

மறுநாள் காலை நாடியம்மா இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"மந்திரிக்கு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேனே. அவர் ஸ்வீட் வாங்கி அனுப்புறேன்னு சொன்னார்."

லாரிக் கணக்கை எடுத்துவிட்டால் எண் எவ்வளவு வரும் என்று கேட்டார். அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் தண்ணீர் குடித்தார். வெளியே பத்திரிகைக்காரர்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

அவளுடைய போன் அடித்தது. டயர் அண்ணன்.

"அம்மா, என்னன்னே புரியல. விடிஞ்சதுலேருந்து உக்காந்திருக்கேன், ஆலைப் பக்கத்துலேருந்து ஒரு லாரி வரல. பின்வாசல்ல ஒரே கூட்டமாம். பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம் ரோட்டுல உக்காந்திருக்காங்களாம். உங்க வீட்டுக்காரர்தான் முன்னாடி நிக்கிறாராம். நான் கணக்குல என்ன எழுதட்டும்?"

இத்தனை வருடத்தில் எந்த எண்ணையும் இறங்கச் சொல்லி அவள் வேண்டிக்கொண்டதில்லை.

"சைபர்னு எழுதுங்க அண்ணே" என்றாள். "நாளைக்கும் அதையே எழுத முடியுதான்னு பார்ப்போம்."

போனை வைத்துவிட்டு, தாளில் இருந்த பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்தாள். இறங்கிய எண்ணைப் பெரிதாக எழுதி இயக்குநரின் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இதை நீங்களே வந்து படிச்சிடுங்களேன்" என்றார்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.